இரண்டாவது வரிசை: கனடாவின் பொது மருத்துவமும் ஈரடுக்கு வாதமும்

கேள்வியும் சொல்லும்

ரொறன்ரோத் தமிழ் வீடுகளில் யாராவது முழங்கால் சத்திரசிகிச்சைக்கோ கண்புரைக்கோ மாதக்கணக்கில் காத்திருந்தால் ஒரு பேச்சு எழும். "காசுள்ளவன் கட்டிப்போட்டுப் போகட்டுமே. அவன் விலகினால் எங்கட வரிசையும் குறையும்தானே?" இதைக் கேட்பவர் பெரும்பாலும் வலியோடு இருப்பவர், அல்லது வலியோடு இருக்கும் தாயைப் பார்த்துக்கொண்டிருப்பவர். கேள்வி நியாயமானது. வன்கூவரில் உள்ள ஒரு தனியார் சத்திரசிகிச்சை நிலையம் இதே கேள்வியை 2009 முதல் 2023 வரை நீதிமன்றங்களில் வாதாடியது. 2025 நவம்பரில் அல்பேர்ட்டா அரசு, மருத்துவர்கள் பொதுத் துறையிலும் தனியாரிலும் ஒரே காலத்தில் வேலைசெய்ய இடமளிக்கும் சட்டமூலத்தைக் கொண்டுவந்தபோது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றும் இதுதான். பணம் கட்டுவோருக்கு இரண்டாவது வரிசை ஒன்றைத் திறந்தால் முதல் வரிசை குறையுமா? இக்கட்டுரை இந்த ஒரு கேள்வியை மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கனடாவில் தனியார் மருத்துவமே கிடையாது என்று நம்முள் பலர் நினைக்கிறோம். அது சரியல்ல. இங்குள்ள மருத்துவர்களில் பெரும்பாலோர் அரச ஊழியர் அல்லர். சொந்தமாகத் தொழில் நடத்தி, பார்த்த நோயாளருக்கான கட்டணத்தை மாகாணத்திடம் பெறுபவர்கள். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் ஏறக்குறைய 70 வீதம் அரசின் பணம். மீதி 30 வீதம் மக்களின் சொந்தப் பையிலிருந்தும் வேலைத்தலக் காப்புறுதியிலிருந்தும் போகிறது. பல், கண்ணாடி, வைத்தியசாலைக்கு வெளியே வாங்கும் மருந்து ஆகியன பெரும்பாலும் இந்த 30 வீதத்துக்குள் வருவன. ஆகவே தனியார் உண்டா இல்லையா என்பதல்ல தகராறு. பொதுக் காப்புறுதி ஏற்கெனவே முழுச் செலவையும் ஏற்றுக்கொண்ட அதே சிகிச்சையை, பணம் கட்டியோ தனியார் காப்புறுதி வைத்தோ முந்திப் பெறலாமா, அந்தச் சிகிச்சையைச் செய்யும் மருத்துவர் காலையில் ஒரு வரிசைக்கும் மாலையில் மற்ற வரிசைக்கும் உழைக்கலாமா என்பதே தகராறு. இந்த ஏற்பாட்டையே இக்கட்டுரை ஈரடுக்கு மருத்துவம் என்று குறிக்கிறது.

ஒரே வரிசை வந்த வழி

கனடாவின் பொது மருத்துவம் தலைநகரில் திட்டமிட்டு மேலிருந்து இறக்கப்பட்டதல்ல. சஸ்காச்சுவானின் கோதுமை வயல்களில் அது முளைத்தது. 1915இல் அங்குள்ள சார்னியா என்ற கிராமிய சபை, ஊரை விட்டுப் போகவிருந்த மருத்துவரை வரிப்பணத்தில் ஆண்டுக்கு 1,500 டொலர் கொடுத்து நிறுத்தி வைத்தது. பக்கத்து ஊர்கள் அதைப் பின்பற்றின. பனியில் அடைபட்ட, பண்ணைகள் மைல்கணக்கில் தள்ளித் தள்ளி இருந்த அந்த நிலத்தில் நோய் வந்தால் எவரும் தனித்து நின்று சமாளிக்க முடியாது என்பதைப் பட்டறிந்தவர்கள் அவர்கள்.

1944இல் அந்த மாகாணத்தின் முதல்வரானவர் ரொமி டக்ளஸ். ஸ்கொட்லாந்தில் பிறந்து வினிப்பெக்குக்கு வந்த ஏழைத் தொழிலாளியின் பிள்ளை. சிறுவயதில் எலும்பு அழற்சியால் காலை இழக்க இருந்தார். மாணவர்களுக்குக் கற்பிப்பதற்காக ஒரு நிபுணர் இலவசமாகச் செய்த சத்திரசிகிச்சையால் கால் தப்பியது. ஒரு மருத்துவரின் தற்செயலான இரக்கத்தில் ஒரு பிள்ளையின் கால் தங்கியிருக்கக்கூடாது என்பதைப் பின்னாளில் அவர் பலமுறை பேசியிருக்கிறார். 1947 ஜனவரி 1இல் சஸ்காச்சுவான் முழுவதற்கும் வைத்தியசாலைக் காப்புறுதி வந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1957இல், சமஷ்டி அரசு அதை நாட்டுக்கே விரித்தது.

வைத்தியசாலைக் கட்டணத்தை அரசு ஏற்றபோது பெரிய எதிர்ப்பு இல்லை. மருத்துவரின் கட்டணத்தைத் தொட்டபோதுதான் சண்டை மூண்டது. 1962 ஜூலை 1இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த அன்றே சஸ்காச்சுவான் மருத்துவர்களில் பெரும்பாலோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது 23 நாள் நீடித்தது. பிரித்தானியாவிலிருந்து மருத்துவர்கள் வரவழைக்கப்பட்டனர். சஸ்கற்றூனில் பொதுமக்கள் தாமே ஒரு சமூக மருத்துவ நிலையத்தை ஜூலை 3ஆம் தேதியே திறந்தனர். மாகாணச் சட்டசபையின் முன் எதிர்ப்பாளர் கூட்டிய பேரணிக்கு எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. இறுதியில் பிரித்தானியாவிலிருந்து வந்த ரெய்லர் பிரபுவின் நடுநிலையில் சஸ்கற்றூன் உடன்படிக்கை எழுதப்பட்டது.

அந்த உடன்படிக்கையைப் பலர் முழு வெற்றியாகவே எழுதுகின்றனர். என் பார்வையில் அதில் ஒரு விட்டுக்கொடுப்பும் இருந்தது, அதன் விலை பெரிது. திட்டத்துக்கு வெளியே நின்று நோயாளரிடம் நேரடியாகப் பணம் வாங்கும் உரிமை மருத்துவர்களுக்கு விடப்பட்டது. 1966இன் மருத்துவப் பராமரிப்புச் சட்டம் நாடெங்கும் பொதுக் காப்புறுதியைக் கொண்டுவந்தபோதும் இந்த விரிசல் அடைபடவில்லை. 1970களின் பிற்பகுதியில், அரசு தரும் தொகைக்கு மேல் நோயாளரிடம் மேலதிகக் கட்டணம் அறவிடுவது பரவியது. பொதுக் காப்புறுதிக்கு அடித்தளம் இட்ட அரச ஆணைக்குழுவின் தலைவரான நீதிபதி எமற் ஹோல் 1980இல் மறுபடி நிலைமையை ஆராய்ந்தார். இது தொடர்ந்தால் கனடாவில் இரண்டு அடுக்கு மருத்துவம் உருவாகும் என்று எச்சரித்தார். இன்று நாம் பேசும் சொல் அன்றே அவர் அறிக்கையில் ஏறிவிட்டது.

அதன் விளைவே 1984இன் கனடா சுகாதாரச் சட்டம். அமைச்சர் மொனிக் பெஷான் கொண்டுவந்த அந்தச் சட்டமூலத்தை மக்களவை ஒருமனதாக நிறைவேற்றியது. பொது நிர்வாகம், முழுமை, அனைவருக்கும் உரியதாதல், மாகாணம் மாறினாலும் தொடர்தல், எட்டக்கூடியதாதல் என ஐந்து நிபந்தனைகளை அது மாகாணங்களுக்கு விதித்தது. நோயாளரிடம் அறவிடப்படும் ஒவ்வொரு டொலருக்கும் சமஷ்டி அரசு தரும் பணத்தில் ஒரு டொலர் வெட்டு. 1987க்குள் எல்லா மாகாணங்களும் மேலதிகக் கட்டணத்தைக் கைவிட்டன. ஒன்ராறியோவில் 1986இல் மருத்துவர்கள் 25 நாள் வேலைநிறுத்தம் செய்தும் அரசு இறங்கவில்லை.

இச்சட்டம் தனியார் மருத்துவத்தைத் தடைசெய்கிறது என்று சொல்வது தவறு. பணத்தைக் கொடுப்பதற்கு அது நிபந்தனை விதிக்கிறது, அவ்வளவுதான். தடை இருப்பது மாகாணச் சட்டங்களில். பொதுத் திட்டம் ஏற்கும் சிகிச்சைக்குத் தனியார் காப்புறுதி விற்கக்கூடாது என்றும், பொதுத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவர் அதே சிகிச்சைக்குத் தனியாகப் பணம் வாங்கக்கூடாது என்றும் பெரிய மாகாணங்கள் நெடுங்காலமாக விதித்து வந்துள்ளன. ஈரடுக்கு வாதம் குறிவைப்பது இவ்விரண்டு விதிகளையுமே.

நீதிமன்றம் ஏறிய வாதம்

முதல் அடி கியூபெக்கில் விழுந்தது. இடுப்பு மூட்டு மாற்றுக்கு ஏறத்தாழ ஓராண்டு காத்திருந்த ஒரு முதியவரும் ஷாவூலி என்ற மருத்துவரும் தொடுத்த வழக்கில், 2005 ஜூன் 9இல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. காத்திருப்பு நீளும்போது தனியார் காப்புறுதியைத் தடைசெய்வது கியூபெக்கின் மனித உரிமைச் சாசனத்துக்கு முரண் என்றது பெரும்பான்மை. நாடு முழுவதற்குமான சாசனத்தைப் பொறுத்தவரை நீதிபதிகள் மூன்றுக்கு மூன்றாகப் பிரிந்தனர். ஆகவே தீர்ப்பு கியூபெக்கோடு நின்றது. அடுத்த ஆண்டு கியூபெக் அரசு இடுப்பு, முழங்கால், கண்புரை ஆகிய சத்திரசிகிச்சைகளுக்கு மட்டும் தனியார் காப்புறுதியை அனுமதித்தது. ஆனால் பொது, தனியார் என இரண்டு பக்கமும் ஒரே மருத்துவர் உழைப்பதற்கான தடையை விலக்கவில்லை. அந்த ஒரு தடை நீடித்ததாலேயே அங்கு பெரிய தனியார் காப்புறுதிச் சந்தை உருவாகவில்லை. காப்புறுதி வாங்கினாலும் சிகிச்சை செய்யும் கைகள் அந்தப் பக்கம் போதிய அளவு இல்லை. ஈரடுக்கு மருத்துவத்தின் திறவுகோல் காப்புறுதியில் இல்லை, மருத்துவரின் நேரத்தில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது வழக்கு இன்னும் ஆழமானது. வன்கூவரின் கம்பி சத்திரசிகிச்சை நிலையம் 1996இல் தொடங்கியது. அதன் முன்னணியில் நின்ற மருத்துவர் பிரையன் டே ஒருகாலத்தில் கனடிய மருத்துவச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். பிரிட்டிஷ் கொலம்பியாவின் சட்டம் நோயாளரின் உயிருக்கும் பாதுகாப்புக்குமான சாசன உரிமையை மீறுகிறது என்று 2009இல் வழக்குப் போட்டனர். விசாரணை 2016இல் தொடங்கி, 2020 செப்ரெம்பர் 10இல் நீதிபதி ஜோன் ஸ்ரீவ்ஸ் 880 பக்கங்களுக்கு மேற்பட்ட தீர்ப்பை வழங்கினார். வாதம் தோற்றது. 2022 ஜூலையில் மேன்முறையீடும் தோற்றது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது.

இந்தத் தீர்ப்பைப் பொது மருத்துவத்தின் ஆதரவாளர்கள் கொண்டாடியதில் தவறில்லை. ஆனால் அதன் ஒரு பகுதியைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. மருத்துவ ரீதியில் ஏற்கத்தக்க காலத்துக்கு மேல் காத்திருந்த சில நோயாளரின் பாதுகாப்புப் பாதிக்கப்படுவதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்தப் பாதிப்பு உண்மை. ஆயினும் வழக்காளி கேட்ட தீர்வு அதைக் குணப்படுத்தாது என்பதே தீர்ப்பின் சாரம். இரண்டாவது வரிசை பொது வரிசையைக் குறைக்கும் என்பதற்குச் சான்று இல்லை. மாறாக, பொதுத் துறையின் ஆட்பலத்தை அது உறிஞ்சும், செலவைக் கூட்டும், மருத்துவர்களுக்குத் தவறான ஊக்கம் தரும், தேவையைவிடப் பணத்துக்கு முன்னிடம் கொடுக்கும் என்று நீதிபதி கண்டார். இருதரப்பு நிபுணர்களும் பல நாடுகளின் அனுபவத்தை முன்வைத்து, குறுக்கு விசாரணைக்கும் உட்பட்ட பிறகு வந்த முடிவு இது.

சான்றுகள்

வரிசை ஒன்று பிரிந்தால் மற்றது குறையும் என்ற கணக்கு கடையில் காசாளர் முன் நிற்கும் வரிசைக்குப் பொருந்தும். அங்கு இரண்டாவது காசாளரைப் புதிதாகக் கொண்டுவரலாம். சத்திரசிகிச்சையில் இரண்டாவது காசாளர் இல்லை. மயக்க மருந்து நிபுணரையோ சத்திரசிகிச்சைத் தாதியையோ உருவாக்க ஆண்டுகள் பிடிக்கும். தனியார் நிலையம் ஒன்று திறந்தால் அதில் வேலைசெய்யப் போவது ஏற்கெனவே பொது வைத்தியசாலையில் நிற்பவர்தான். அவர் அங்கு செலவிடும் ஒவ்வொரு மணி நேரமும் இங்கு கழிகிறது.

இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. இரண்டு பக்கமும் உழைக்கும் மருத்துவருக்குப் பொது வரிசை நீளமாக இருப்பதே தனியார் வரிசைக்கு ஆள் சேர்க்கும். எந்த மருத்துவரும் வேண்டுமென்று வரிசையை நீட்டுகிறார் என்று நான் சொல்லவில்லை. வரிசையைக் குறைக்க அவருக்கு ஊக்கம் இல்லாத நிலையில் அவரை நிறுத்துகிறோம் என்பதே குறை. மனிற்றோபாவில் 1990களில் இது கண்ணெதிரே நடந்தது. அப்போது அங்கு கண்புரைச் சத்திரசிகிச்சையைப் பணம் கட்டித் தனியார் நிலையத்தில் செய்ய முடிந்தது. மனிற்றோபாச் சுகாதாரக் கொள்கை மையம் காத்திருப்பை அளந்தபோது, பொது வைத்தியசாலையில் மட்டும் வேலைசெய்த மருத்துவர்களின் நோயாளரைவிட, இரண்டு பக்கமும் வேலைசெய்த மருத்துவர்களின் பொது நோயாளர் இரண்டு மடங்குக்கு மேல் காத்திருந்தனர். ஒரே மாகாணம், ஒரே நோய், ஒரே சத்திரசிகிச்சை.

அவுஸ்திரேலியாவில் அரசே மக்களைத் தனியார் காப்புறுதியின் பக்கம் தள்ளிப் பார்த்தது. 1999இல் காப்புறுதிக் கட்டணத்தில் 30 வீதத்தை அரசு திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது. காப்புறுதி எடுத்தோர் மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஏறத்தாழ 45 வீதமாகக் கூடினர். பொது வைத்தியசாலைகளின் பாரம் இறங்கும் என்பது எதிர்பார்ப்பு. ஸ்ரீவன் டக்கெற் 2005இல் வெளியிட்ட ஆய்வு, தனியார் பக்கம் செய்யப்படும் சிகிச்சையின் பங்கு கூடும் இடங்களில் பொதுக் காத்திருப்பும் நீளுவதைக் கண்டது.

"ஐரோப்பாவில் இரண்டும் இருக்கின்றனவே" என்பது அடிக்கடி கேட்கும் பதில். ஐரோப்பா ஒன்றல்ல. ஜேர்மனியில் அதிக வருமானமுள்ளவர் பொதுக் காப்புறுதியை விட்டு முற்றாக வெளியேறலாம், நினைத்தபோது திரும்பி வர முடியாது. அங்கும் தனியார் காப்புறுதி உள்ளவருக்கே நிபுணரின் நேரம் முந்திக் கிடைக்கிறது. 2008இல் வெளியான ஆய்வு ஒன்றில் பொதுக் காப்புறுதி நோயாளர் ஏறக்குறைய மூன்று மடங்கு காத்திருந்தனர். ஈரடுக்கின் முழு வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால் அயர்லாந்துக்குப் போக வேண்டும். மக்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் தனியார் காப்புறுதி வைத்திருக்க, பொது வைத்தியசாலைக் கட்டில்களிலேயே தனியார் நோயாளரும் சிகிச்சை பெற்ற நாடு அது. மேற்கு ஐரோப்பாவின் மிக நீண்ட காத்திருப்புகளில் சில அங்கே உருவாயின. 2017இல் எல்லாக் கட்சிகளும் இருந்த பாராளுமன்றக் குழு சிலான்ரகேர் என்ற திட்டத்தை முன்வைத்தது. பொது வைத்தியசாலையிலிருந்து தனியார் சிகிச்சையை அகற்றுவது அதன் அடிப்படைப் பரிந்துரைகளில் ஒன்று. 2023 முதல் நிபுணர்களுக்குப் பொதுத் துறையில் மட்டும் வேலைசெய்யும் ஒப்பந்தம் வழங்கப்படுகிறது. பல பத்தாண்டுகள் ஈரடுக்கில் வாழ்ந்த நாடு அதிலிருந்து வெளியே வரப் பணம் செலவழிக்கிறது. கனடாவோ உள்ளே போகலாமா என்று கேட்கிறது.

நமக்கு அயர்லாந்துவரை போகவும் தேவையில்லை. இலங்கையில் அரச வைத்தியசாலை இலவசம். அதன் சாதனைகள் பெரியவை; நம்மில் பலர் அங்குதான் பிறந்தோம். 1977க்குப் பிறகு அரச மருத்துவர்கள் பணி நேரத்துக்கு வெளியே தனியாக நோயாளரைப் பார்க்க அனுமதிக்கப்பட்டனர். அதன்பின் வந்த வழக்கம் நம் மொழியிலேயே ஒரு சொல்லாகிவிட்டது: "சனல் பண்ணுறது". காலையில் பெரியாஸ்பத்திரி விறாந்தையில் மணிக்கணக்கில் நின்று இரண்டு நிமிடம் பார்க்கக் கிடைத்த அதே நிபுணரை மாலையில் காசு கட்டி ஆறுதலாகப் பார்க்கலாம். காசில்லாதவர் மறுநாளும் விறாந்தைக்கே வரவேண்டும். கனடாவில் இதைப் புதிய யோசனையாக முன்வைக்கும்போது, அதன் முடிவை ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்த சமூகம் நாம்.

எதிர்த்தரப்பின் வலு

இவ்வளவும் சொன்ன பிறகும் வலியோடு காத்திருப்பவரின் கேள்வி அப்படியே நிற்கிறது. அதைத் தட்டிவிடக் கூடாது. இடுப்பு மூட்டு மாற்றுக்கு 26 வாரம் என்பது நாடு தானே வகுத்த அளவு. 2023இல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கே அதற்குள் கிடைத்தது. ஃபிரேசர் நிறுவனம் மருத்துவர்களிடம் கேட்டுக் கணிக்கும் ஆண்டறிக்கையின்படி, குடும்ப மருத்துவர் அனுப்பிய நாளிலிருந்து சிகிச்சை வரையான இடைநிலைக் காத்திருப்பு 1993இல் 9.3 வாரம், 2024இல் 30 வாரம். அந்நிறுவனம் சந்தையை ஆதரிப்பது, அதன் முறை மருத்துவர்களின் மதிப்பீட்டை நம்பியது என்று குறை சொல்லலாம். நானும் சொல்வேன். போக்கு மேல்நோக்கியது என்பதை அது மாற்றாது. குடும்ப மருத்துவர் இல்லாத வயதுவந்தோர் 65 இலட்சத்துக்கு மேல் என 2023இல் வெளியான தேசியக் கருத்தாய்வு ஒன்று மதிப்பிட்டது.

பொது மருத்துவத்தைக் காக்க விரும்புவோர் இந்த எண்களைப் பார்த்துக் கூச்சப்பட்டு ஒதுங்கினால் எதிர்த்தரப்பே அவற்றை எடுத்துப் பேசும். காத்திருப்பு ஏன் வந்தது என்பதற்கு விடை உண்டு. 1990களின் தொடக்கத்தில் மருத்துவர் அதிகம் என்று கணித்து மருத்துவக் கல்லூரி இடங்கள் வெட்டப்பட்டன. 1995இன் சமஷ்டி வரவு செலவுத் திட்டம் மாகாணங்களுக்கான பணத்தைக் குறைத்தது. வைத்தியசாலைக் கட்டில்கள் மூடப்பட்டன. இன்று கனடாவில் ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய 2.5 கட்டில்கள்; வளர்ந்த நாடுகளின் சராசரி நான்குக்கு மேல். ஒன்ராறியோவில் 2019இல் வந்த 124ஆம் சட்டமூலம் தாதியரின் ஊதிய உயர்வை ஆண்டுக்கு ஒரு வீதமாக மூன்றாண்டுக்குக் கட்டியது. பெருந்தொற்றின் நடுவே அந்தக் கட்டு இருந்தது. பின்னர் நீதிமன்றம் அதைச் சாசனத்துக்கு முரண் என்று தள்ளியது. அதற்குள் பல தாதியர் பொது வைத்தியசாலையை விட்டுவிட்டனர். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் படித்துப் பட்டம் பெற்று வந்த மருத்துவர்கள் பயிற்சி இடம் கிடைக்காமல் வேறு வேலைசெய்வதை நாம் அறிவோம். இந்தக் காரணங்களில் ஒன்றையேனும் இரண்டாவது வரிசை தீர்க்காது.

பின்கதவு

நீதிமன்றத்தில் முன்கதவு மூடியது. ஈரடுக்கு இப்போது பெரும்பாலும் பின்கதவால் வருகிறது என்பதே என் கவலை. ஒன்ராறியோ 2023இல் நிறைவேற்றிய 60ஆம் சட்டமூலம், லாப நோக்குள்ள தனியார் நிலையங்களில் அரசுப் பணத்தில் சத்திரசிகிச்சை செய்ய வழியை அகலமாக்கியது. சுகாதார அட்டை போதும், கடனட்டை வேண்டாம் என்று முதல்வர் உறுதி சொன்னார். சத்திரசிகிச்சைக்கு அட்டை போதும் என்பது உண்மை. ஆனால் அதோடு சேர்த்து விற்கப்படும் விசேட வில்லை, கூடுதல் அளவீடு ஆகியவற்றுக்கு அட்டை போதாது. மாகாணக் கணக்காய்வாளர் 2021இலேயே இதைக் கண்டார். கண்புரை நோயாளரிடம் ஒரு கண்ணுக்கு 450 டொலரிலிருந்து ஏறக்குறைய 5,000 டொலர் வரை மேலதிகமாக வாங்கப்பட்டது. சில நோயாளருக்குத் தவறான தகவலும் தரப்பட்டது.

இதன் விளைவை 2024இல் கனடிய மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வு அளந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் ஒன்ராறியோ தனியார் நிலையங்களுக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சைக்காக அரசுப் பணம் கொடுத்த பிறகு, அந்நிலையங்களில் மிக வசதியானோரிடையே சத்திரசிகிச்சை வீதம் 22 வீதம் கூடியது. மிக வறியோரிடையே 8.5 வீதம் குறைந்தது. சத்திரசிகிச்சைக்கான செலவு இருவருக்கும் அரசுடையதே. இந்த ஒரு கண்டுபிடிப்பு, அரசு கட்டினால் போதும், யார் நடத்தினால் என்ன என்ற வாதத்தின் அடியை அறுக்கிறது. வாசலில் விற்பனை நடக்கும் இடத்துக்கு வாங்க முடியாதவர் வருவது குறைகிறது.

லாபத்துக்கு நடத்தும் வைத்தியசாலையைப் பற்றிய வேறு சான்றுகளும் உண்டு. மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தின் டெவரோவும் சகாக்களும் 2002இல் அமெரிக்க ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, லாப நோக்கற்றவற்றோடு ஒப்பிட்டால் லாப வைத்தியசாலைகளில் இறப்பு அபாயம் இரண்டு வீதம் கூடுதல். இரண்டு வீதம் சிறிதாகத் தோன்றும். ஒரு நாட்டின் அத்தனை வைத்தியசாலைகளிலும் வைத்துப் பார்த்தால் சிறிதல்ல. ஒன்ராறியோவின் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 2020இல் பெருந்தொற்று புகுந்தபோது, லாப நோக்குள்ள இல்லங்களில் பரவலும் மரணமும் பெரிதாக இருந்தன. அந்த இல்லங்களில் முதியவர்களைக் குளிப்பாட்டி உணவூட்டிய பெண்களில் நம் சமூகத்தவர் ஏராளம். முதியோர் இல்லம் கனடா சுகாதாரச் சட்டத்தின் காப்புக்கு வெளியே விடப்பட்ட துறை என்பதை மறக்கக் கூடாது.

பொதுத் துறைக்குள் இருக்கும் வழி

அல்பேர்ட்டாவையே எடுத்துக்கொள்வோம். 2005இல் அங்கு இடுப்பு, முழங்கால் மாற்றுக்கு ஒரு முன்னோடித் திட்டம் நடந்தது. ஒவ்வொரு நிபுணரும் தனக்கென வரிசை வைத்திருப்பதை நிறுத்தி, எல்லா நோயாளரையும் ஒரே வாசலில் பதிந்தனர். முதலில் இயன்மருத்துவரும் தாதியும் பார்த்து, சத்திரசிகிச்சை தேவைப்படுவோரை மட்டும் அடுத்துக் கிடைக்கும் நிபுணரிடம் அனுப்பினர். முதல் சந்திப்புக்கான காத்திருப்பு 35 வாரத்திலிருந்து 6 வாரமானது. அதிலிருந்து சத்திரசிகிச்சைக்கான காத்திருப்பு 47 வாரத்திலிருந்து 4.7 வாரமானது. வைத்தியசாலையில் தங்கும் நாளும் குறைந்தது. யாரும் பணம் கட்டவில்லை.

இப்படிப்பட்ட ஒன்று நாடெங்கும் ஏன் பரவவில்லை என்பதே பொது மருத்துவத்தை நேசிப்போர் தம்மிடமே கேட்க வேண்டிய கேள்வி. முன்னோடித் திட்டம் முடிந்ததும் அதற்கான பணமும் முடிவது வழக்கம். தன் சொந்த வரிசையை விட்டுக்கொடுக்க எல்லா நிபுணரும் உடன்படுவதில்லை. அமைச்சர்கள் புதிய கட்டடத்தைத் திறக்க விரும்புகிறார்கள். பட்டியல்களை ஒன்றாக்குவதில் படம் எடுக்க எதுவும் இல்லை. அதே அல்பேர்ட்டாவில், கல்கரியில் மூட்டுச் சத்திரசிகிச்சைக்கு அரசு நம்பியிருந்த ஒரு தனியார் நிலையம் 2010இல் கடனில் முறிந்தது. நோயாளரின் சத்திரசிகிச்சை தடைப்படாதிருக்க மாகாணச் சுகாதார சேவை பொதுப் பணத்தோடு தலையிட வேண்டியிருந்தது.

நிர்வாகச் செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும். பல காப்புறுதி நிறுவனங்கள் போட்டியிடும் அமெரிக்காவில் 2017இல் மருத்துவச் செலவின் 34 வீதம் நிர்வாகத்துக்குப் போனது. ஒவ்வொரு மாகாணத்திலும் ஒரே பொதுக் காப்புறுதி உள்ள கனடாவில் அது 17 வீதம். ஊல்ஹாண்ட்லர், ஹிமல்ஸ்ரைன் ஆகியோரின் கணக்கு இது. அவர்கள் ஒற்றைக் காப்புறுதியை வெளிப்படையாக ஆதரிப்பவர்கள் என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் இடைவெளி பெரிது. ஒவ்வொரு புதிய காப்புறுதியும் தனக்கெனக் கணக்கு எழுதுவோரையும் விளம்பரத்தையும் மறுப்புக் கடிதத்தையும் கொண்டே வரும்.

பொது வரிசையைத் திருத்தும் வேலைக்கு மாகாண அரசுகள் மட்டும் பொறுப்பல்ல. பணமும் செல்வாக்கும் உள்ளவர் அதே வரிசையில் நிற்கும்வரையே அதைத் திருத்தச் சொல்லும் குரலுக்கு வலு இருக்கும். ஜூலியன் ரியூடர் ஹார்ற் என்ற வேல்ஸ் மருத்துவர் 1971இல் எழுதிய கட்டுரையில், நல்ல மருத்துவம் அது அதிகம் தேவைப்படுவோருக்கே குறைவாகக் கிடைக்கிறது என்றும், சந்தை எவ்வளவு நுழைகிறதோ அவ்வளவுக்கு இது கூடும் என்றும் கண்டார். ஒன்ராறியோவின் கண்புரை எண்கள் அவருடைய கண்டுபிடிப்பை அரை நூற்றாண்டுக்குப் பின் மறுபடி நிரூபித்திருக்கின்றன.

இரண்டாவது வரிசை முதலாவதைக் குறைக்காது. மனிற்றோபாவிலும் அவுஸ்திரேலியாவிலும் அயர்லாந்திலும் குறைக்கவில்லை. வன்கூவர் நீதிமன்றம் எல்லாவற்றையும் கேட்டு அதையே சொன்னது.

இதை வாசிக்கும் ஒன்ராறியோ வாசகருக்கு ஒரு வார்த்தை. கண்புரைக்கு அம்மாவையோ அப்பாவையோ கூட்டிப் போகும்போது விசேட வில்லைக்குப் பணம் கேட்டால், பொதுக் காப்புறுதி ஏற்கும் சாதாரண வில்லை எது என்று கேளுங்கள். அதற்குப் பணம் இல்லை. சாதாரண வில்லை போதும் என்று சொன்னதற்காகச் சிகிச்சையை மறுக்கவோ தள்ளிப்போடவோ அவர்களுக்கு அனுமதி இல்லை. பொதுக் காப்புறுதி ஏற்கும் சிகிச்சைக்குப் பணம் வாங்குவதும், பணம் வாங்கி ஒருவரை முந்த விடுவதும் 2004இன் மாகாணச் சட்டப்படி குற்றம். எதற்காகவாவது பணம் கட்டியிருந்தால் பற்றுச்சீட்டை வைத்திருங்கள், சுகாதார அமைச்சுக்கு எழுதுங்கள். சட்டத்துக்கு மாறாக வாங்கிய பணத்தை அமைச்சு திருப்பிப் பெற்றுத் தரும்.